கணித முனைவர் பட்டத்தோடு கம்ப்யூட்டேஷனல் சயின்ஸும் படிக்கலாமா?

கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் ஒரு மாணவி போன வாரம் கேட்டார்: "கம்ப்யூட்டேஷனல் சயின்ஸை, அதாவது அறிவியல் கணக்குகளைக் கணினியில் தீர்க்கும் துறையை, சிறப்புப் பிரிவாகச் சேர்த்துக்கொள்ள எங்கள் துறையில் வழி இருக்கிறது சார். நாலு பாடம் கூடுதலாகப் படிக்க வேண்டும். நேரம்தான் வீணாகும் என்கிறார் என் நெறியாளர். சேரட்டுமா?"

சேருங்கள் என்றேன். போனில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன்.

வேலை கிடைக்கும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். அது உண்மைதான். ஆனால் அதற்கு மட்டும் என்றால் விடுமுறையில் ஒரு நிரல்மொழியைக் கற்றுக்கொண்டாலே ஓரளவு போதும்.

என் ஆய்வு பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளில்; வெப்பம், அலை போன்றவை இடத்தோடும் காலத்தோடும் மாறுவதைச் சொல்லும் சமன்பாடுகள் அவை. தீர்வு உண்டு, அது ஒன்றே ஒன்றுதான் என்று நிறுவிவிட்டால் என் கடமை முடிந்தது என்று நம்பியிருந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்துக்காக வெப்பச் சமன்பாட்டைக் கணினியில் தீர்க்க வேண்டி வந்தது. இருப்பதிலேயே எளிய முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். விடை சுமாராக வந்தது. துல்லியம் கூடட்டும் என்று, விடையைக் கணக்கிடும் புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாதியாக்கினேன். விடை மேலும் கீழுமாகத் துள்ளி, கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டது. இரண்டு நாள் நிரலில் தப்பு தேடினேன். நிரலில் ஒரு தப்பும் இல்லை. வெப்பப் பரவல் கெழு (வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதைச் சொல்லும் எண்) 1 என்றால், அந்த முறையில் காலப்படி, அதாவது ஒரு தடவையில் காலத்தை எவ்வளவு நகர்த்துகிறோம் என்பது, இடைவெளியின் வர்க்கத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இடைவெளியைப் பாதியாக்கினால் காலப்படியைக் கால்வாசியாக்க வேண்டும். நான் அதைக் குறைக்கவே இல்லை.

இடைவெளிக்கும் காலப்படிக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு தேவை என்பதை அலைச் சமன்பாட்டுக்குக் கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லூவி என்ற கணிதவியலாளர்கள் மூவரும் 1928இலேயே எழுதிவிட்டார்கள். மின்னணுக் கணினி வராத காலம் அது. எண்விடை காண்பது அவர்கள் நோக்கமும் இல்லை. தீர்வு உண்டு என்று நிறுவ ஒரு கருவி தேடித்தான் அங்கே போனார்கள். என் துறையின் உள்ளேயே இருந்த விஷயம் அது. கணினி முன்னால் உட்காரும் வரை எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஹில்பர்ட் அணி. முதல் வரிசை 1, 1/2, 1/3 என்று போகும்; அடுத்தடுத்த வரிசை ஒவ்வொன்றும் ஒரு பின்னம் தள்ளித் தொடங்கும். அதற்கு நேர்மாறு உண்டு, அதன் உறுப்புகள் எல்லாமே முழு எண்கள். வகுப்பில் அதோடு நிறுத்திக்கொள்வோம். கணினி வழக்கமாக ஓர் எண்ணில் சுமார் 16 இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும். 12×12 ஹில்பர்ட் அணியைக் கொடுத்து நேர்மாறு கேட்டால், வரும் விடையில் ஓர் இலக்கத்துக்குக்கூட உத்தரவாதம் கிடையாது. "விடை உண்டு" என்பதற்கும் "விடையைப் பெற முடியும்" என்பதற்கும் இடையே எவ்வளவு கணிதம் இருக்கிறது என்று எனக்குக் காட்டியது இதுதான்.

கணக்கிட்டுப் பார்த்ததால் பிறந்த கணிதமும் உண்டு. ஃபெர்மி, பாஸ்டா, உலாம் என்ற மூன்று விஞ்ஞானிகளின் 1955ஆம் ஆண்டு அறிக்கையைச் சொல்வேன். நேரியல் அல்லாத (இழுப்புக்கு நேர்விகிதத்தில் விசை தராத) விற்சுருள்களால் கோத்த நிறைகளின் அதிர்வைக் கணினியில் ஓட்டினார்கள். ஆற்றல் எல்லா அதிர்வு முறைகளுக்கும் பரவிவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அதுவோ ஏறக்குறைய முழுவதும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்தது. அந்தப் புதிரைத் துரத்திப் போய்த்தான் 1965இல் சபுஸ்கியும் க்ரூஸ்கலும் சாலிட்டானை, அதாவது வடிவம் மாறாமல் நகரும் தனி அலையை, கண்டார்கள். அந்தக் கணக்கை நிரலாக்கி ஓட்டியவர் மேரி சிங்கூ. அறிக்கையை எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் இல்லை; வேலை செய்தவர்கள் பட்டியலிலும் ஒரு நன்றிக் குறிப்பிலும்தான் இருந்தது. இன்றும் எனக்கு இது வருத்தம் தரும் விஷயம்.

கணினி காட்டுவது நிரூபணம் ஆகுமா என்று நெறியாளர் கேட்பார். சரியான கேள்வி. வானிலை ஆய்வாளர் லோரென்ஸ் 1963இல் எழுதிய சமன்பாடுகளைக் கணினியில் ஓட்டினால் விசித்திர ஈர்ப்பான் (தீர்வுகள் வந்து சேர்ந்து ஒழுங்கற்றுச் சுற்றிக்கொண்டே இருக்கும் வடிவம்) ஒன்று தெரியும்; அது உண்மையிலேயே உண்டு என்று கணிதவியலாளர் வார்விக் டக்கர் நிறுவினார். ஒவ்வோர் எண்ணையும் ஒரு கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே வைத்துக் கணக்கிடும் இடைவெளி எண்கணிதத்தால், இலக்கங்களை வெட்டுவதால் வரும் ஒவ்வொரு முழுமையாக்கப் பிழையையும் எல்லைக்குள் கட்டிவைத்து, கணினியின் துணையோடு நிறுவினார். 2002இல் வெளிவந்த அந்த முழு நிரூபணத்தை யாரும் வெறும் சோதனை என்று ஒதுக்கவில்லை.

ஆனால் ஒன்று. இந்தப் பிரிவு ஆய்வேட்டுக்குள் வர வேண்டும். ஓர் அத்தியாயமாவது அதில் நிற்க வேண்டும். பட்டத்தின் பக்கத்தில் ஒரு பெயர் கூடட்டும் என்று மட்டும் எடுத்தால் நெறியாளர் சொல்வது சரி, நேரம்தான் வீண். தலைப்பு முடிவாகி ஆய்வு பாதி ஓடியபின் சேர்வதும் வேண்டாம். எனக்கு ஒரு பருவம் கூடுதலாகப் பிடித்தது; முதல் ஆண்டிலேயே தொடங்கியிருந்தால் அதுவும் மிச்சமாகியிருக்கும்.

இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பாடத்துக்குத்தான் இடம் என்றால் எண்முறை நேரியல் இயற்கணிதத்தை, அதாவது அணிக் கணக்குகளைக் கணினியில் நம்பகமாகச் செய்யும் பாடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள் அம்மா. நெறியாளரைப் பார்க்கப் போகும்போது அந்த 1928 கட்டுரையைக் கையோடு கொண்டு போங்கள். அவருடைய துறையும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள்தானே.