ஒரு வர்க்கிக்காக அழ வேண்டாம்

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு என் சித்தி மகள் ஊட்டியிலிருந்து போன் செய்தாள். எடுத்ததும் அழுகை. வீட்டில் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறிவிட்டேன். நல்லவேளை, அப்படி ஒன்றும் இல்லை. 43 நாளாக டயட்டில் இருக்கிறாள். யாரோ அனுப்பிய அட்டவணையை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு, சர்க்கரை கிடையாது, மைதா கிடையாது, எண்ணெயில் பொரித்தது எதுவும் கிடையாது என்று இம்மி பிசகாமல் இருந்தாள். நேற்று வேலை முடிந்து சேரிங் கிராஸ் பக்கம் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கூட நின்ற தோழி, எங்கள் நீலகிரி பேக்கரிகளில் விற்கும் மொறுமொறுப்பான வர்க்கிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டியிருக்கிறாள். ஒன்று எடுத்துத் தின்றாள். அத்தோடு நின்றிருந்தால் போன் வந்திருக்காது. வீட்டுக்கு வந்ததும், "கெட்டது கெட்டுப்போச்சு, இனி என்ன" என்று பிள்ளைக்கு வாங்கி வைத்திருந்த சிப்ஸ், விருந்தாளி கொடுத்துவிட்டுப் போன சாக்லேட், இன்னும் நாலு வர்க்கி.

"எல்லாம் போச்சுக்கா. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை. விட்டுடறேன்" என்றாள்.

அவளுக்குச் சொன்னதையும், போனை வைத்த பிறகு தோன்றியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இதே அழுகையை இதற்கு முன்னால் நாலைந்து பேரிடம் கேட்டிருக்கிறேன். நானும் அழுதிருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். எங்கள் வீட்டுத் தராசில் ஒரு சின்ன வர்க்கி 25 கிராம் இருக்கிறது. மைதா, சர்க்கரை, வனஸ்பதி சேர்ந்த பண்டம் என்பதால் ஒன்றுக்கு ஏறக்குறைய 125 கலோரி வைத்துக்கொள்ளலாம். அவள் தின்ற ஐந்துக்கு 625. ஐம்பது கிராம் சிப்ஸுக்கு 270. நூறு கிராம் சாக்லேட்டுக்கு 540. மொத்தம் 1,400 சொச்சம். அன்று ராத்திரி அவள் சாப்பாடே சாப்பிடவில்லை, அதைக்கூட நான் கழிக்கவில்லை. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. அப்படியென்றால் நேற்றைய கூத்து முழுவதும் போய்ச் சேர்ந்தாலும் 200 கிராமுக்கு உள்ளேதான். அவள் இத்தனை நாளும் தினம் 400 கலோரி குறைத்துச் சாப்பிட்டிருக்கிறாள் என்று வைத்தால், 43 நாளில் நாலு நாள் உழைப்பு போனது. 39 நாள் அப்படியே கையில் இருக்கிறது. இதை எப்படி "எல்லாம் போச்சு" என்று சொல்வது?

காலையில் எடை மெஷினில் ஏறாதே என்றும் சொன்னேன். ஏறினால் ஒரு கிலோவுக்கு மேல் கூடக் காட்டும். உப்பும் மாவுச்சத்தும் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்து கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையாவது கூட்டிக்கொண்டுதான் உட்காரும். நாலைந்து நாளில் தானாக இறங்கிவிடும். அது தெரியாமல் மெஷினைப் பார்த்து மனசு விட்டவர்கள் எத்தனையோ பேர்.

அவளுக்கு நடந்ததை மனோதத்துவக்காரர்கள் எப்போதோ ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். 1975-ல் பீட்டர் ஹெர்மன் என்பவரும் அவருடைய சகாவும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்த்துச் சொல்லுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்றார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிற பெண்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டி வைத்திருந்த பெண்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் கலைந்த பிறகு ஒரு வாய் என்ன, ஒன்பது வாய் என்ன என்ற மனநிலை அது. என் தங்கைக்கு மனக்கட்டுப்பாடு குறைவு என்று நான் நம்பவில்லை. 43 நாள் இருந்தவளுக்கா இல்லை? அவளுக்குக் கொடுக்கப்பட்ட சட்டம் அப்படி. ஒரே ஒரு வர்க்கியில் உடைந்துபோகும்படி செய்த சட்டம்.

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க நாற்காலி. போன வருடம் ஆரம்பத்தில் என் எடை 74 கிலோ. உயரம் 156 சென்டிமீட்டர். டாக்டர் எடையை விட இடுப்புச் சுற்றளவைப் பற்றித்தான் கவலைப்பட்டார். நம் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு 96 இருந்தது. 14 மாதத்தில் 66 கிலோவுக்கு வந்திருக்கிறேன். இந்த 14 மாதத்தில் வர்க்கி தின்னாத வாரம் ஒன்றுகூட இல்லை.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம், ஆரம்பத்தில் பத்து நாள் எதையும் மாற்றாமல் வாயில் போட்டதையெல்லாம் நோட்டில் எழுதினேன். எழுதிய பிறகு இன்னொரு வேலை செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், இது எனக்கு நிஜமாகவே பிடித்ததா என்று ஒரு குறி போட்டேன். அந்தப் பக்கங்களைப் பார்த்தபோது மனசு கனத்துவிட்டது. நான் ஆசைப்பட்டுத் தின்ற தீனி கொஞ்சம்தான். மீட்டிங்கில் தட்டில் வைத்த பிஸ்கட், பிள்ளை மிச்சம் வைத்த பப்ஸ், சோறு கொதிக்கும் வரை நின்றபடியே அள்ளிய மிக்சர், யாரோ டூர் போய் வந்து மேஜையில் வைத்த கடலை மிட்டாய். எதன் ருசியும் நினைவில் இல்லை. பசியும் கிடையாது. கை போனது, வாய் மென்றது, அவ்வளவுதான்.

அதையெல்லாம்விடப் பெரிய ஆள் டீ. ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. பத்து ஸ்பூன் என்றால் 50 கிராம், 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன அளவுப்படி, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. நான் ஒரு இனிப்பையும் தொடாமல் டீயிலேயே மேல் வரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மாதத்தில் மெதுவாகக் குறைத்து ஒரு டீக்கு அரை ஸ்பூன் என்று வந்தேன். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் பறிக்கிற கொழுந்துக்கு ஒரு தனி மணம் உண்டு. அத்தனை வருடம் தேயிலைக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தும் அந்த மணம் எனக்குத் தெரிந்தது சர்க்கரையைக் குறைத்த பிறகுதான்.

பிடிக்காமலே தின்றதை விட்டதில் மட்டும் தினம் 300, 400 கலோரி இறங்கிவிட்டது. வர்க்கிக்கு இடம் கிடைத்தது அங்கேதான். அதனால் யாராவது வந்து "எதையெல்லாம் விடணும்க்கா" என்று கேட்டால், உனக்கு உயிரான பண்டத்தை முதலில் தொடாதே என்கிறேன். ஏனோதானோ என்று உள்ளே போகிறதே, அதை முதலில் நிறுத்து.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு வயதில் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கோத்தகிரிப் பக்கம் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். முப்பது வருடம் கொழுந்து பறித்தார். காலையில் கோதுமை ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாயத்தண்ணியும். பிறகு சரிவில் ஏறி இறங்கி, முதுகில் கூடையோடு நாள் முழுக்க நிற்பார். அந்த உடம்பு எரித்த அளவுக்கு என் உடம்பு எரிப்பதில்லை. சம்பள நாளில் அப்பா வர்க்கி வாங்கி வருவார். காகிதப் பொட்டலத்தில் ஆறு. வீட்டில் ஐந்து பேர். ஆறாவது யாருக்கு என்று சண்டை வரும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வாசலில் வரிசையாக உட்கார்ந்து, டீயில் முக்கி, உதிர்ந்ததை அடியில் தேடி எடுத்துத் தின்போம். அடுத்த வர்க்கி அடுத்த மாதம்.

யாரும் எங்களுக்கு மிதமாகச் சாப்பிடச் சொல்லித் தரவில்லை. கையில் காசு அவ்வளவுதான் இருந்தது. இன்று எந்தக் கடை வாசலிலும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் பாக்கெட்டுகள் மாலை மாதிரி தொங்குகின்றன. அன்று தானாக அமைந்த அளவை இன்று நாமே வேண்டுமென்று உட்கார்ந்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது சுலபம் என்று நான் சொல்லவே மாட்டேன். அதனால் என் வழக்கம் அம்மா வீட்டு வழக்கம்தான். வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு இரண்டு வர்க்கி. எண்ணி வாங்குவேன். கால் கிலோ பொட்டலம் வீட்டுக்குள் வராது. உட்கார்ந்து, தட்டில் வைத்து, போனை ஓரமாக வைத்துவிட்டுத் தின்பேன். மழைக்காலத்தில் அந்த இரண்டு நாளில் ஒரு நாளை மிளகாய் பஜ்ஜிக்குக் கொடுத்துவிடுவேன். ஐப்பசி மழையில் மார்க்கெட் ஓரம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து வரும் வாசனையை வேண்டாம் என்று சொல்லச் சொன்னால் என்னால் முடியாது. சொல்லவும் விரும்பவில்லை.

மிதம் எல்லாப் பண்டத்துக்கும் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிக்சர் வராது. டப்பா காலியாகும் வரை கை நிற்காது. அதனால் வீட்டில் வாங்குவதில்லை, விசேஷ வீட்டில் ஒரு கிண்ணம் கொடுத்தால் சாப்பிடுவேன். உங்களுக்கு அது சாக்லேட்டாக இருக்கலாம், சிப்ஸாக இருக்கலாம். ஒருவேளை அந்தப் பண்டமே அப்படிச் செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 2019-ல் வெளியிட்ட ஆய்வில், 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்க வைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. இரண்டிலும் பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினம் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள், இரண்டு வாரத்தில் ஒரு கிலோ அளவுக்கு எடையும் ஏறினார்கள். வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். பாக்கெட் காலியானதும் தங்களையே திட்டிக்கொள்கிற பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இதற்கு நேர் எதிராக ஒரு கதையை என் அண்ணன் மகன் காட்டினான். மார்க் ஹாப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 2010-ல் பத்து வாரம் பெரும்பாலும் கிரீம் கேக், சிப்ஸ் மாதிரியான தீனியையே நாளுக்கு 1,800 கலோரிக்குள் நிறுத்தித் தின்று 12 கிலோ குறைத்தார். "பாருங்க அத்தை, எதை வேணாலும் தின்னலாம்" என்றான். கலோரிக் கணக்கு பொய் சொல்லாது என்பதற்கு அது சாட்சி, சரி. ஆனால் அவர் சத்து மாத்திரையும் புரத பானமும் கொஞ்சம் காய்கறியும் கூடவே எடுத்துக்கொண்டார். பசியோடு நாளைத் தள்ளும் ஒரு வீட்டுப் பெண்ணுக்கு அது வழியாகாது. என் தட்டில் காரட்டும் பீன்ஸும் கீரையும் முட்டையும் பருப்பும் முதலில் வருகின்றன. இந்த மலையில் விளைகிற காரட் ருசிக்கு வேறெங்கே போவது? வயிறு நிறைந்த பிறகு இரண்டு வர்க்கி போதும் என்று தோன்றுவது உண்மை. வெறும் வயிற்றில் பேக்கரிக்குள் போனால் எந்தத் திட்டமும் நிற்காது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், இதய நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் என் அளவைப் பின்பற்ற வேண்டாம். உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். வனஸ்பதி விஷயத்தில் நானும் பயந்துதான் இருந்தேன். 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் எண்ணெய், வனஸ்பதி வகைகளில் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருப்பது கொஞ்சம் ஆறுதல். அதற்காக வர்க்கி சத்துணவாகிவிடவில்லை.

உறவுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உடம்பு குறைக்க முயலும் பெண் ஒரு பஜ்ஜியை எடுத்தால், "நீ டயட்டுன்னு சொன்னியே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். அப்படிக் கேட்ட அன்று அவள் அந்த ஒன்றோடு நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து தின்பாள். என் தங்கை நேற்று கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்றிருக்கிறாள். அதைச் சொன்னபோதுதான் ரொம்ப அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை குன்னூர் வரச் சொல்லியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்போர்டு ஏற்றத்தில் நடந்து சிம்ஸ் பார்க் வரை போய்த் திரும்புவோம். சுவரில் ஒட்டிய அட்டவணையைக் கிழித்துக் கையோடு கொண்டு வா, பின்பக்கம் வெள்ளையாக இருக்கும், பத்து நாள் கணக்கை அதில் எழுத ஆரம்பிக்கலாம் என்றேன். விறகடுப்பு பேக்கரியில் நாலு வர்க்கி சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அம்மாவுக்கு இரண்டு.