பெட்ஷீட் வழக்கில் ஜெயித்த கதை

கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் டாக்குமெண்டேஷன் பார்த்துக்கொண்டிருந்த காலம். 2001 மார்ச்சில் ஒரு நாள் முதலாளி நாளிதழைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டார். பெட்ஷீட் மீதான பொருள்குவிப்புத் தடுப்பு வரி (ஆன்டி-டம்பிங்) வழக்கில், ஜெனிவாவிலுள்ள உலக வணிக அமைப்பில் ஐரோப்பாவை இந்தியா ஜெயித்துவிட்டது என்று செய்தி. "ஜெயிச்சாச்சுங்கறாங்க. சரி தம்பி, பணம் எப்ப வரும்?" என்றார்.

"தெரியலீங்கண்ணா" என்றேன். உண்மையிலேயே தெரியாது.

வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்பவர்தான். ஆனால் அடுத்த ஆர்டர் பேசும்போது அதில் ஒரு பங்கை நம் விலையில் கழிக்காமல் விடமாட்டார். முதலாளி கேட்டது அந்தப் பணத்தை.

1996இல் ஐரோப்பியப் பருத்தி ஆலைகளின் சங்கம் புகார் கொடுத்தது. இந்தியா, பாகிஸ்தான், எகிப்து மூன்றும் உள்ளூரில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு ஐரோப்பாவில் கொண்டுவந்து கொட்டுகின்றன என்பது குற்றச்சாட்டு. 1997 நவம்பரில் இந்திய நிறுவனங்கள் மீது 2.6 முதல் 24.7 சதவீதம் வரை வரி விழுந்தது.

அதில் ஒரு கணக்கு வித்தை இருந்தது. ஜீரோயிங் என்பார்கள். ஒரு நிறுவனம் இரண்டு மாடல் பெட்ஷீட் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ளூர் விலை 100. ஒன்றை 80க்கு ஏற்றுமதி செய்கிறது, இன்னொன்றை 120க்கு. ஒன்றில் 20 குறைவு, மற்றதில் 20 அதிகம், இரண்டும் கழிந்துபோகும் என்றுதான் மளிகைக்கடைக்காரர்கூடச் சொல்வார். ஐரோப்பிய அதிகாரிகள் அந்த அதிகப்படியான 20ஐப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்கள். மீதி 20 குறைவு, மொத்த ஏற்றுமதி 200, ஆகவே 10 சதவீதக் குற்றவாளி நீங்கள்!

இன்னொன்றும் உண்டு. உள்நாட்டில் ஒழுங்கான விற்பனைக் கணக்கு இருந்தது பாம்பே டையிங் ஒன்றுக்குத்தான். மற்றவர்களுக்கும் அதன் லாப விகிதத்தையே போட்டு, உள்ளூர் விலைக்குப் பதிலாக ஒரு "நியாய விலை" கட்டினார்கள். பிராண்ட் போட்டு ஷோரூமில் விற்பவரின் லாபத்தை, பையர் சொன்ன டிசைனை நெய்து அனுப்புகிறவர் தலையில் வைத்தால் எப்படி இருக்கும்? உலக வணிக அமைப்பின் நடுவர் குழு இதைச் சரி என்றது. மேல்முறையீட்டு அமைப்பு தவறு என்றது. சட்டத்தில் சராசரி என்று இருக்கிறது, ஒரே நிறுவனத்தை வைத்து என்ன சராசரி போடுவீர்கள் என்பது அதன் வாதம். ஜீரோயிங்கை இரண்டுமே நிராகரித்தன.

ஜெனிவாவில் உட்காரும் நடுவர்கள் பொதுவாக மூன்று பேர். அவர்கள் விசாரணையைப் புதிதாக நடத்துவதில்லை. வரி போட்ட நாட்டின் அதிகாரி உண்மைகளை முறையாகத் திரட்டினாரா, பாரபட்சமில்லாமல் எடைபோட்டாரா என்றுதான் பார்ப்பார்கள். தங்களுக்கு வேறு முடிவு தோன்றினாலும், அந்த இரண்டும் சரியாக இருந்தால் கைவைக்க முடியாது. பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயிரக்கணக்கான இன்வாய்ஸ்களை மூன்று பேர் மறுபடி புரட்டுவது நடக்கிற காரியமா? கணக்குப் போட்ட முறையில் ஓட்டை எங்கே என்று காட்டினால் போதும். இந்த வழக்கில் அதை நன்றாகவே காட்டினார்கள். இந்தியாவின் வாதங்கள் பலவற்றைத் தள்ளியும் விட்டார்கள்.

என் கோபம் வேறு இடத்தில். தீர்ப்பு இனிமேலைக்குத்தான். 2001 ஆகஸ்டில் ஐரோப்பா மறுபடி கணக்குப் போட்டு, வரியைக் குறைத்து, நிறுத்தியும் வைத்தது. அதுவும் சரியில்லை என்று இந்தியா திரும்பப் போய், 2003இல் இன்னும் கொஞ்சம் ஜெயித்தது. வாங்கிய வரி வாங்கியதுதான். வேறு சப்ளையரிடம் போன பையரும் போனவர்தான்.

இதேபோல அமெரிக்கா வரி போட்ட கனடா மரக்காரர்களுக்கு இன்னொரு கதவு இருந்தது. வட அமெரிக்க ஒப்பந்தப்படி இரு நாட்டுப் பட்டியல்களிலிருந்தும் எடுத்த ஐந்து பேர், நீதிமன்றத்துக்குப் பதிலாக உட்கார்ந்து, வரி போட்ட நாட்டின் சொந்தச் சட்டத்தை வைத்தே அதன் முடிவைச் சோதிப்பார்கள். அங்கே திரும்பத் திரும்பத் தோற்ற அமெரிக்கா, 2006இல் சமரசத்துக்கு வந்து, வசூலித்த சுமார் 500 கோடி டாலரில் 400 கோடியைத் திருப்பிக் கொடுத்தது. முழுசாக இல்லை. ஆனாலும் பணம் வந்தது.

ஜீரோயிங் செய்வதை அமெரிக்காவும் லேசில் விடவில்லை. வழக்கு மேல் வழக்காகத் தோற்ற கடுப்பும் சேர்ந்துதான், மேல்முறையீட்டு அமைப்புக்குப் புது உறுப்பினர்களை நியமிக்க விடாமல் தடுத்தது. 2019 டிசம்பரிலிருந்து அது செயல்படவில்லை. இன்று தோற்கிற நாடு அங்கே மேல்முறையீடு என்று ஒரு தாளைப் போட்டால் போதும், கேட்க ஆளில்லாமல் வழக்கு அந்தரத்தில் தொங்கும். சர்க்கரை மானிய வழக்கில் தோற்றபோது இந்தியாவும் அதைத்தான் செய்தது. நாம் ஒன்றும் உத்தமர் இல்லை. உலகிலேயே இந்த வரியை அதிகம் போடும் நாடுகளில் நாமும் ஒருவர். ரேயான் நூலுக்கான விஸ்கோஸ் பஞ்சு மீதான வரியை 2021 ஆகஸ்டில் எடுக்கும்வரை ஈரோட்டு ரேயான் தறிக்காரர்கள் புலம்பியது நினைவிருக்கும்.

சரி, பெட்ஷீட் பணம் யாருக்குமே வரவில்லையா என்றால், வந்தது. ஐக்கியா நிறுவனம் தான் கட்டிய வரியைக் கேட்டு பிரிட்டனில் வழக்குப் போட, அது ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. 2007 செப்டம்பரில் தீர்ப்பு. ஜெனிவா சொன்னது எங்களைக் கட்டாது, ஆனால் எங்கள் சட்டப்படியே அந்தக் கணக்கு தவறு, கட்டியதைத் திரும்பப் பெற உரிமை உண்டு என்றார்கள். உரிமை இறக்குமதியாளருக்கு.

அப்போது நான் வேறு வேலைக்கு மாறியிருந்தேன். ஒரு கல்யாணத்தில் பழைய முதலாளியைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"நம்ம பையரும் கேஸ் போட்டிருந்தா அவருக்கும் வந்திருக்கும்?"

"ஆமாங்கண்ணா."

"நாம கழிச்சுக் குடுத்ததையும் சேர்த்து," என்றவர், ரசம் ஊற்ற வந்தவரைப் போதும் என்று கைகாட்டினார்.