முன்கள வீரனுக்கு ஒரு மட்ச் போதாது

சுற்றுப்போட்டிக் காலம் வந்தால் பரிசளிப்பு மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும். "வன்னியில் திறமைக்குக் குறைவில்லை, பெடியளுக்குத்தான் பொறுமை இல்லை. இருபது வயதோடு பந்தை விட்டுட்டுப் போயிடுறாங்கள்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. இருபது வயதுக்குப் பிறகு அவன் எந்த மட்சில் ஆடுவது என்று அந்த மேடையில் ஒருவரும் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் முன்கள வீரர் ஜேமி வார்டியை இங்கே உதைபந்தாட்டம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். 2016இல் அவர் ஆடிய லெஸ்டர் சிற்றி கழகம், இங்கிலாந்தின் முதற்பிரிவுப் போட்டியான பிரீமியர் லீக்கை வென்றது. பருவம் தொடங்கும்போது அந்த அணிக்குப் பந்தயக்காரர்கள் கொடுத்த விகிதம் 5000க்கு 1. அந்தப் பருவத்தில் வார்டி தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்து, வான் நிஸ்டல்ரோயின் 10 ஆட்டச் சாதனையை முறியடித்தார். இந்தப் பகுதியை எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதற்கு முந்திய வருடங்கள்தான் முக்கியம்.

வார்டி 1987இல் பிறந்தவர். 16 வயதில் ஷெஃபீல்ட் வெனஸ்டே கழகம் "ஆள் சின்னன்" என்று வெளியே அனுப்பியது. கொஞ்சக் காலம் பந்தையே தொடவில்லை. பிறகு ஸ்டொக்ஸ்பிரிட்ஜ் என்ற சிறிய ஊர்க் கழகத்தில் சேர்ந்தார். அங்கே கிடைத்தது வாரத்துக்கு 30 பவுண். பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கால் ஊனமானவர்களுக்கான தாங்கிகள் செய்கிற இடம். 2007இல் ஒரு அடிதடி வழக்கில் தண்டனை பெற்று, ஆறு மாதம் காலில் மின்னணுப் பட்டியோடு திரிந்தார். மாலை ஆறு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். வெளியூர் ஆட்டம் என்றால் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, காத்திருக்கும் பெற்றோரின் காரில் ஏறி ஓட வேண்டும். அப்படியும் கழகம் அவரை விடவில்லை, ஆட்டங்களும் நிற்கவில்லை.

2009இல் அவருக்கு 22 வயது. இன்னமும் ஸ்டொக்ஸ்பிரிட்ஜ், இன்னமும் தொழிற்சாலை. அதே வருடம் வன்னியில் 22 வயதாக இருந்த எங்கட பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று நான் இங்கே எழுதத் தேவையில்லை. அந்தத் தலைமுறையின் விளையாட்டு வாழ்க்கையை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் போர் முடிந்த பிறகு பந்தைத் தொட்ட பிள்ளைகளுக்கு இப்போது 20, 22 வயது. அவர்களுக்கும் மட்ச் இல்லை என்றால் அதற்குப் போரைக் காரணம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

வார்டி 2010இல் ஹலிஃபாக்ஸ் போனார். 2011இல் ஃபிளீற்வூட். அங்கே ஒரே பருவத்தில் 31 லீக் கோல்கள். 2012இல் லெஸ்டர் அவரை 10 இலட்சம் பவுணுக்கு வாங்கியது. முதல் நான்கு பிரிவுகள் கொண்ட லீக் அமைப்புக்கு வெளியே ஆடிய ஒருவருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. அப்போது அவருக்கு 25 வயது. எங்கட கழகங்களில் 25 வயதுக்காரனை "சீனியர் அண்ணை" என்று கூப்பிட்டு, தண்ணீர்ப் போத்தலையும் நிர்வாகத்தையும் கையில் கொடுத்துவிடுவார்கள்.

அடுத்து வந்ததைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வது. லெஸ்டரில் முதல் பருவம் வார்டிக்குச் சரியாகவே அமையவில்லை. லீக்கில் 4 கோல்கள். ரசிகர்கள் திட்டினார்கள். உதைபந்தாட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தார். முகாமையாளர் நைஜல் பியர்சனும் அவரோடு இருந்தவர்களும் பேசி நிறுத்தினார்கள். அடுத்த பருவத்தில் 16 லீக் கோல்கள், லெஸ்டர் இரண்டாம் பிரிவிலிருந்து பிரீமியர் லீக்குக்கு ஏறியது. காலபோகம் ஒன்று பொய்த்துவிட்டது என்று எந்தக் கமக்காரனும் வயலை விற்பதில்லை. முன்கள வீரனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அவன் பத்து மட்சில் ஆறில் தவறவிடுவான். தவறவிட்ட பிறகும் ஏழாவது மட்ச் ஒன்று அவனுக்கு இருக்க வேண்டும்.

இப்போது எங்கட பக்கம் வாருங்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் நான் பார்த்த பெரும்பாலான போட்டிகள் விலகல் முறைதான், ஒரு மட்சில் தோற்றால் வெளியே. ஞாபகார்த்தக் கிண்ணம், கழகத்தின் ஆண்டு விழாக் கிண்ணம், புலம்பெயர்ந்த உறவுகள் அனுசரணை செய்யும் கிண்ணம். 32 அணிகள் வந்தால் மொத்தம் 31 ஆட்டங்கள். அதில் 16 அணிகள் ஒரே ஒரு மட்சோடு வீடு திரும்பும். முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து லான்ட்மாஸ்டரில் ஏறி வந்த பெடியன் நாற்பது நிமிடம் ஆடுகிறான். ஒரு வாய்ப்பு வருகிறது, பந்து கம்பத்தில் படுகிறது, பெனால்டியில் அணி தோற்கிறது. அடுத்த கிண்ணம் வரும்வரை அவனுக்கு ஆட்டமே இல்லை. தொடர்ந்து 11 மட்சில் கோல் அடிப்பது இருக்கட்டும், தொடர்ந்து 11 மட்ச் ஆடியவன் எங்கட பக்கம் எத்தனை பேர்?

விலகல் முறைக்கு இன்னொரு கெடுதல் உண்டு. ஒரு தோல்வியோடு எல்லாம் முடியும் என்பதால் பயிற்றுநர்கள் பின்களத்தை அடைத்துவிட்டு, பெனால்டி வரை இழுத்துப் போகப் பார்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அணிக்கு ஏழு பேர் ஆடும் சின்ன மைதானங்களில் பல இடங்களில் ஓப்சைட்டும் பார்ப்பதில்லை. பந்தை அனுப்பும் கணத்தில் முன்கள வீரன் கடைசிப் பின்கள வீரனைத் தாண்டி நிற்கக்கூடாது என்பதுதான் அந்த விதி. வார்டியின் முழுத் தொழிலும் ஓப்சைட் கோட்டில்தான் இருந்தது. கடைசிப் பின்கள வீரனின் தோளோடு தோளாக நிற்பார், லெஸ்டரின் சக வீரர்கள் ட்ரிங்வாட்டரோ மஹ்ரெஸோ பந்தை அனுப்பும் கணத்தில் பாய்வார். ஒரு கணம் முந்தினால் கொடி, ஒரு கணம் பிந்தினால் பந்து போய்விடும். அதைப் படிக்க முழு மைதானமும் 11 பேர் கொண்ட அணியும் கொடி பிடிக்கத் தெரிந்த துணை நடுவரும் தேவை. எங்கட பெடியளுக்கு வேகம் இருக்கிறது. அந்த வேகத்தை எப்போது அவிழ்ப்பது என்று படிக்கத்தான் இடமில்லை.

பெண் பிள்ளைகளின் நிலைமை இதிலும் மோசம். பாடசாலைப் போட்டி முடிந்தால் அத்தோடு சரி. அதைத் தனியாக ஒரு பதிவில் எழுத வேண்டும்.

மன்னாரைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் வருகிற அந்த மண்ணில் உதைபந்தாட்டம் ஊறிப்போய்க் கிடக்கிறது. இலங்கை அணிக்கு ஆடிய டக்சன் பியூஸ்லஸ் அங்கே பிறந்தவர், மாலைதீவில் தொழில்முறையாகவும் ஆடினார். 2022இல் அவரை இழந்துவிட்டோம். எங்கட பக்கத்துப் பிள்ளை ஒருவன் அந்த உயரத்துக்குப் போனான் என்றால் திறமையைப் பற்றிய சந்தேகம் அங்கேயே முடிந்துவிட்டது. மிச்சம் எல்லாம் ஏற்பாடு.

தென்னிலங்கையில் விளையாட்டே வேலையாகும் வழிகளில் ஒன்று இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றின் கழகங்கள். வன்னிப் பெடியனுக்கு அந்தக் கதவு எப்படிப்பட்டது என்று வாசிக்கிற உங்களுக்கே தெரியும். அதனால்தான் உள்ளூரில் ஒரு படி தேவை என்கிறேன். உயர்தரம் முடித்தவன் மேசன் வேலைக்கோ கடலுக்கோ ஆடைத்தொழிற்சாலைக்கோ போகட்டும். கட்டார் விசா வரும்வரை காத்திருக்கட்டும். ஆனால் ஞாயிறு பின்னேரம் அவனுக்கு ஒரு லீக் மட்ச் இருக்க வேண்டும். வார்டியும் வேலை முடித்து வந்துதான் ஆடினார்.

33 வயதில் 23 கோல்களுடன் பிரீமியர் லீக்கில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை எடுத்தார் வார்டி. 2021இல் எஃப்.ஏ. கிண்ணம். லெஸ்டர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியபோது கூடவே இறங்கி, மறுபடி மேலே ஏற்றினார். 2025 மே மாதம், தன் 500ஆவது ஆட்டத்தில் 200ஆவது கோலை அடித்துவிட்டு லெஸ்டரை விட்டுப் போனார். போன இடம் இத்தாலியின் கிரெமோனேசே கழகம், 38 வயதில்.

கிண்ணங்களுக்கு அனுசரணை செய்யும் உறவுகளிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் அப்பாவின், அண்ணாவின் பெயரில் நடக்கும் கிண்ணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அதே பெயரில் லீக் நடத்துங்கள். 8 கழகங்கள், ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு முறை மோதட்டும். கழகத்துக்கு 14 மட்ச், மொத்தம் 56. முதற்பரிசுப் பணத்தில் பாதியை நடுவருக்கும் பந்துக்கும் பஸ்ஸுக்கும் வையுங்கள். மாரி மழையில் மைதானம் நீரில் கிடக்கும், ஆகவே மாசியில் தொடங்கி ஆவணிக்குள் முடிக்கலாம். கோல் அடித்தவன் பெயர், நிமிடம், எதிரணி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு கழகம் "உங்களிடம் நல்ல போர்வேர்ட் யாராவது இருக்கா" என்று கேட்டால், இன்று எங்களிடம் காட்டுவதற்குக் கிண்ணத்தோடு எடுத்த படம் மட்டும்தான் இருக்கிறது.