புர்சா உலு ஜாமி தேவாலயமாக இருந்ததில்லை

துருக்கியின் புர்சா நகரில் உள்ள பெரிய பள்ளிவாசல் உலு ஜாமி. "அது பழைய பைசாந்தியத் (கிழக்கு ரோமப் பேரரசுக் காலத்) தேவாலயம்; 20 குவிமாடமும் இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியாவைப் பார்த்துச் செய்தவை" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

1396இல் நிக்கோபோலிஸ் போரில் வென்ற உதுமானிய சுல்தான் முதலாம் பாயசித் புதிதாகக் கட்டிய பள்ளிவாசல் இது. 20 பள்ளிவாசல் கட்டுவதாக நேர்ந்துகொண்டு, கடைசியில் 20 குவிமாடத்தோடு ஒன்றை எழுப்பினார் என்பது செவிவழிக் கதைதான், ஆனால் நல்ல கதை!

ஹாகியா சோபியாவில் ஒரே பெருங்குவிமாடம் கூடத்தை ஆள்கிறது. இங்கே அப்படியில்லை. 12 கனத்த தூண்கள் மேல், வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசைக் குவிமாடங்கள், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அனத்தோலியாவில் (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி) உதுமானியருக்கு முன் ஆண்ட செல்ஜுக் துருக்கியர் காலத்தில், தூண்கள் நிறைந்த கூடமாகக் கட்டிய பள்ளிவாசல்களின் வழிவந்த அமைப்பு. உள்ளேயே ஒளு செய்யும் (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும்) நீரூற்று. அதன் மேல் குவிமாடம் முன்பு வானம் பார்த்துத் திறந்திருந்தது, இப்போது கண்ணாடி.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தோன்றுகிறது. அதே ஊரில் உதுமானிய அரசை நிறுவிய உஸ்மானை அடக்கியது ஒரு பைசாந்தியக் கட்டடத்தில். 1855 நிலநடுக்கத்தில் அது இடிந்தது. இன்றுள்ள சமாதி பிறகு கட்டியது. அந்த நிலநடுக்கத்தில் உலு ஜாமியின் குவிமாடங்களும் பெரும்பாலும் விழுந்து, மறுபடி கட்டப்பட்டன.