வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டியதை மைக்கில் சொல்லாதீர்கள்

மகள் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டதற்காக, யூடியூப் லைவில் போன பிரசங்கத்தில் ஒரு தாயைச் சாடையாகத் திட்டிய அந்த வீடியோவை நான் இங்கே மறுபடி போடப் போவதில்லை. பார்க்காதவர்கள் தேடவும் வேண்டாம். அந்த அம்மாவின் முகம் ஏற்கெனவே எத்தனையோ வாட்ஸ்ஆப் குரூப்களில் சுற்றிவிட்டது. "பேரைச் சொல்லலையே" என்கிறார்கள். சொல்லவில்லைதான். ஆனால் "மகளை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அனுப்பிவிட்டு இங்கே வந்து பெண்களுக்கு ஜெபம் நடத்துகிறவர்கள்" என்று சொன்னால், அது யார் என்று அந்தச் சபையின் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேமரா பிடித்த தம்பிக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நேராக அந்த வரிசைக்குத் திருப்பினார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டித்துப் பேசுவது பிரசங்கபீடத்தின் வேலை. வருஷப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டையும் வாரா வாரம் ஆசீர்வாதமும் மட்டும் வாங்கிக்கொண்டு போகிற சபை உருப்படாது. 2 தீமோத்தேயு 4:2 "கண்டனம்பண்ணி, கடிந்துகொண்டு, புத்திசொல்லு" என்றுதான் கட்டளையிடுகிறது. அதே வசனம் அதற்கு முன்னாலேயே "எல்லா நீடிய சாந்தத்தோடும் உபதேசத்தோடும்" என்றும் சொல்கிறது. பாதி வசனத்தை வைத்துக்கொண்டு பிரசங்கம் பண்ணக் கூடாது.

நான் சொல்வது ஒன்றே ஒன்று. தனி ஒருவருடைய குற்றத்தை, அதுவும் எழுந்து பதில் சொல்ல முடியாத ஒருவருடைய குற்றத்தை, மைக்கில் பேசாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். மத்தேயு 18:15 முதல் 17 வரை ஆண்டவரே வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறார். முதலில் நீயும் அவனும் தனியாக. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபை. அந்த வீட்டுக்கு யாருமே போகவில்லை என்று அந்தச் சபைக்காரர்களே சொல்கிறார்கள். முதல் படியும் இல்லை, இரண்டாவது படியும் இல்லை. நேராக சபை. அதுவும் நாலு சுவருக்குள் இருக்கிற சபை இல்லை, யூடியூப் லைவ். மகள் மேஜர். முடிவு அவளுடையது. திட்டு வாங்கியது தாய்.

இன்னொன்றும் மனதை அறுக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனை முறையை எடுத்துப் பாருங்கள். பாவ அறிக்கையும் மன்னிப்பின் வார்த்தையும் முதலில் வரும். அதற்குப் பிறகுதான் வேதபாடங்கள், பிரசங்கம். பிரசங்கம், விசுவாசப்பிரமாணம், மன்றாட்டெல்லாம் முடிந்து, காணிக்கைக்கு முன்னால் கைக்குக் கை சமாதானம் கொடுப்பது. அதாவது ஒரு பெண் முழங்காலில் நின்று அறிக்கை பண்ணி, மன்னிக்கப்பட்டாய் என்று கேட்டு எழுந்து உட்கார்ந்த பிறகுதான் பிரசங்கியார் வாய் திறக்கிறார். தேவன் மன்னித்தார் என்று சற்று முன்னால் அறிவித்ததை அதே ஆலயத்தில் மறுபடி கிளறுகிறார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துச் சமாதானம் சொல்ல வேண்டும். எந்த முகத்தோடு சொல்வார்?

"அப்போ நாத்தான் தாவீதை நேருக்கு நேரா கேக்கலையா?" என்று உடனே வருவீர்கள். தெரியும். 2 சாமுவேல் 12ஐத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம். தீர்க்கதரிசி நாத்தான் போனது, பத்சேபாள் என்கிற பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம். தன்னைக் கொன்றுபோடும் அதிகாரம் உள்ளவனிடம். ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, தாவீதின் வாயாலேயே தீர்ப்பு வரும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகுதான் "நீயே அந்த மனுஷன்". தாவீது "பாவஞ்செய்தேன்" என்றதும், "நீ சாகாதபடிக்கு, கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்" என்பதையும் அங்கேயே சொல்லிவிட்டார். அந்த அதிகாரம் முழுவதும் தேடுங்கள், பத்சேபாளைப் பார்த்து நாத்தான் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ராஜாவை விட்டுவிட்டு பத்சேபாளைத் திட்டுகிறவருக்கு நாத்தானை உதாரணம் காட்டாதீர்கள்.

பவுல் பேதுருவை எல்லார் முன்பாகவும் எதிர்த்தது (கலாத்தியர் 2) உண்மை. பேதுரு சபையின் தூண். செய்த தவறும் பகிரங்கமானது, புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எல்லோரும் பார்க்க விலகிப் போனார். பதில் சொல்ல வாயும் அவருக்கு இருந்தது. அந்த அம்மாவுக்கு மைக் கொடுத்தீர்களா?

1 தீமோத்தேயு 5:20ஐ, "எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்" என்பதை, பலர் அந்த வீடியோவுக்குக் கீழே போடுகிறார்கள். 19ஆம் வசனம் மூப்பரைப் பற்றியது, இரண்டு மூன்று சாட்சி இல்லாமல் பிராதையே ஏற்காதே என்கிறது. அதே அதிகாரத்தின் 2ஆம் வசனம் முதிர்வயதுள்ள ஸ்திரீகளைத் தாய்களைப்போலப் பாவிக்கச் சொல்கிறது. தாயைப்போல.

"சபை விஷயத்தை ஃபேஸ்புக்கில் எழுதலாமா" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. லைவ் போட்டது நானில்லை.

எப்படிக் கண்டிக்க வேண்டும் என்று கேட்டால், யோவான் ஸ்நானகனைப் பாருங்கள். லூக்கா 3. "விரியன்பாம்புக் குட்டிகளே" என்றுதான் தொடங்குகிறார். அதைவிடக் கடுமையாக யாரும் பேச முடியாது. ஆனால் அது மொத்தக் கூட்டத்துக்கும் சொன்னது. ஜனங்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்" என்று திருப்பிக் கேட்கிறார்கள், அவரும் பதில் சொல்கிறார். இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவனுக்கு ஒன்று கொடு. ஆயக்காரனே, கட்டளையிட்டதற்கு அதிகமாக வசூலிக்காதே. போர்ச்சேவகனே, உன் சம்பளம் போதும் என்றிரு. அதைக் கேட்டவனுக்குத் திங்கட்கிழமை காலையில் எதைச் செய்யவேண்டும், எதை விடவேண்டும் என்று தெரியும்.

பிரசங்கம் பழகுகிற தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். வார ஆரம்பத்திலேயே வேதபாட அட்டவணையைப் பார்த்து வசனத்தை முடிவு பண்ணிவிடுங்கள். சனிக்கிழமை ராத்திரி கமிட்டிக்காரர் போன் பண்ணி "ஐயா, இதைக் கொஞ்சம் தொட்டுப் பேசுங்க" என்றால் வசனத்தை மாற்றாதீர்கள். ஆளை முதலில் பிடித்துவிட்டு அவருக்கு ஏற்ற வசனத்தைத் தேடினால் வசனம் வளையும். எழுதும்போது ஒரு வரியில் சபையில் உள்ள ஒருவரின் முகம் தெரிகிறதா, அந்த வரியை அடித்துவிடுங்கள். 25 நிமிடப் பிரசங்கத்தில் ஒரு பாவத்தைத் தொடுங்கள், ஐந்தைத் தொடாதீர்கள். கண்டித்த பிறகு என்ன செய்யலாம் என்று சொல்லாமல் இறங்காதீர்கள். ஆராதனை முடிந்து வாசலில் கை கொடுத்து அனுப்பியதோடு காருக்குப் போகாமல் வெஸ்ட்ரியில் (ஆலயத்தில் ஆயருக்கான அறையில்) அரைமணி நேரம் உட்காருங்கள், உண்மையில் குத்தப்பட்டவர் அங்கேதான் வருவார்.

சாடைப் பேச்சு ஏன் பலிக்காது தெரியுமா? அது ஆரம்பித்த உடனே முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "நல்லவேளை, நம்மைச் சொல்லவில்லை" என்று முந்நூறு பேர் நிம்மதியாகிவிடுகிறார்கள். குறிவைக்கப்பட்டவருக்கோ அதற்குமேல் ஒரு வார்த்தை காதில் ஏறாது, எழுந்து போனால் இன்னும் அவமானம் என்று உட்கார்ந்திருப்பார். மனந்திரும்புவதற்கு அங்கே யார் மிச்சம்?

கண்டிக்க எத்தனையோ இருக்கிறது ஐயா. கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பை, மூன்று ஞாயிறு ஆலயத்தில் வாசிக்கிறோம். அந்த மூன்று ஞாயிற்றில் ஒன்றிலாவது, எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்று பீடத்திலிருந்து கேட்டதுண்டா? வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். சபைப் பெயரையும் சாதிப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு வரன் விளம்பரம் கொடுக்கிறோமே, அதைப் பற்றி எந்த லைவில் கத்தினோம்? சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே விலகிப் போனார்கள். போகட்டும் என்று உறுதியாக நின்றார். அது கண்டனம். காணிக்கை போடுகிறவர்களும் சபைத் தேர்தலில் ஓட்டு வைத்திருக்கிறவர்களும் கோபப்படுகிற மாதிரி பேசுவதற்குத்தான் தைரியம் வேண்டும். கணவன் இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்த்த ஒரு தாயைப் பேச என்ன தைரியம் வேண்டும்?

ஆமாம், கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்த மகள் இனி எந்த ஆலயத்துப் படியேறுவாள்? கொரிந்து சபையில் தண்டிக்கப்பட்டவனைப் பற்றியே பவுல், அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள் என்று எழுதினார். இந்த அம்மா அமிழ்ந்துகொண்டிருக்கிறார்.

அந்தச் சபையின் மீடியா டீமுக்கு: யூடியூப் ஸ்டுடியோவில் எடிட்டரைத் திறந்து அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுக்க முடியும். அந்த மாற்றம் பதிவாகும்வரை காத்திருக்காமல் வீடியோவை இப்போதே பிரைவேட்டில் போடுங்கள். ஷார்ட்ஸாக வெட்டிப் போட்டதைத் தனியாக அழிக்க வேண்டும். இனி பாவ அறிக்கை நேரத்திலும் பிரசங்க நேரத்திலும் கேமரா ஜனங்கள் பக்கம் திரும்ப வேண்டாம்.

ஆயர் ஐயாவுக்கு: இந்த வாரமே அந்த வீட்டுக்குப் போங்கள். முதலில் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள். ஆயரம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், கமிட்டிக்காரர் யாரும் வேண்டாம். வேதத்தை உடனே திறக்காதீர்கள். அவர்கள் பேசி முடிக்கட்டும், எவ்வளவு நேரமானாலும். மன்னிப்புக் கேளுங்கள். பிறகு ஜெபம் பண்ணலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், மறுபடி வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.