பெயர்தான் கார்ட்லெஸ்

கார்ட்லெஸ் போனில் ஹேண்ட்செட்டை வைக்கும் பேஸுக்கு ஒரு அடாப்டர், ஃபைபர் மோடத்துக்கு ஒரு அடாப்டர், நடுவில் ஒரு போன் வயர். அந்த வயரை 'டெல்' என்றோ 'போன்' என்றோ போட்ட துளையில்தான் செருக வேண்டும். பக்கத்திலேயே கம்ப்யூட்டர் வயருக்கான லேன் துளை. அதிலும் போன் வயரின் முனையான ஆர்ஜே11 நைசாகப் போய் உட்கார்ந்துகொள்ளும், டயல் டோன்தான் வராது. அழுத்தினால் ஓரத்துப் பின்கள் வளைந்து லேனும் போச்சு.

கரண்ட் போனாலும் பழைய லேண்ட்லைன் பேசும். எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வரும். இது ஊமை. மோடத்தை மட்டும் இன்வெர்ட்டரில் மாட்டிவிட்டு பேஸை மறந்துவிடுகிறார்கள். ஹேண்ட்செட்டில் சார்ஜ் ஃபுல், ஆனால் பேஸைத் தேடிக்கொண்டே கிடக்கும்.

அடுத்து பேட்டரி. பல மாடல்களுக்கு 1.2 வோல்ட், சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, ட்ரிபிள் ஏ சைஸ். கடையில் கேட்டால் ரிமோட்டுக்குப் போடும், சார்ஜ் ஏற்றக் கூடாத 1.5 வோல்ட் செல்லை நீட்டுவார்கள், அளவு ஒன்றுதானே! அதைச் சார்ஜில் வைத்தால் ஒழுகி, ஸ்பிரிங்கில் பச்சை பூக்கும்.

நேராக ரூட்டரில் மாட்டி இன்டர்நெட் வழியாகப் பேசும் ஐபி மாடல் என்றால் தனித் தொல்லை. மணி அடிக்கும், எடுத்தால் ஒரு பக்கக் குரல் மட்டும். பெரும்பாலும் ரூட்டரில் இன்டர்நெட் அழைப்புகளுக்குள் தலையிடும் 'சிப் ஏஎல்ஜி' என்ற வசதி செய்யும் வேலை. அதை அணைக்க வேண்டும். எந்த மெனுவில் ஒளித்திருக்கிறார்கள் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் அந்த மெனுவே கிடையாது.