வானிலிருந்து புகைமூட்டத்தை அளப்பவர்கள் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரை ஒரு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, மஞ்சளும் சிவப்புமாக நிறம் தீட்டி, பேட்டைக்குப் பேட்டை பிஎம்2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய துகள்கள்) அளவு சொல்லும் வரைபடங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். செயற்கைக்கோள் தரவைத் தரை நிலைய அளவுகளோடு ஜோடி சேர்த்து, இயந்திரக் கற்றல் மாதிரிக்கு (தரவிலிருந்து தானே கற்கும் கணினி நிரலுக்கு) கொடுத்துச் செய்தவை அவை. உழைப்பு பெரியது, மதிக்கிறேன். ஆனால் அருகருகே உள்ள பொங்கோலுக்கும் பாசிர் ரிஸ்ஸுக்கும் இடையே அவை காட்டும் நிற வேறுபாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருக்கும் ஒருவர் அந்த நிறத்தை நம்பி முடிவெடுப்பார் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதல் தவறு நேரத்தில் நடக்கிறது. டெர்ரா என்ற செயற்கைக்கோள் காலை 10:30க்கும், அக்வா, சென்டினல்-5பி என்ற மற்ற இரண்டும் பிற்பகல் 1:30க்கும் கடக்கும் என்று கையேடுகள் சொல்வது அந்தந்த இடத்துச் சூரிய நேரம். நாம் இருப்பது கிழக்குத் தீர்க்கரேகை 103.8 பாகையில். 1982 முதல் நம் கடிகாரமோ உலகப் பொது நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதாவது சூரியனைவிட ஏறக்குறைய 65 நிமிடம் முந்தி. ஆகவே அந்த 1:30 இங்கே 2:35 அளவில் வரும். பிற்பகல் 1 மணிக்குத் தரை நிலையம் எடுத்த அளவோடு அதை ஜோடி சேர்த்தால், இடையில் மழை பெய்து காற்று கழுவப்பட்ட நாள்களில் எல்லாம் மாதிரி தப்புப் பாடம் படிக்கும். டெர்ராவும் அக்வாவும் சில ஆண்டுகளாகத் தம் பழைய நேரத்திலிருந்து நகர்ந்துவிட்டன. கையேட்டு நேரத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோப்பிலும் பதிவான உலகப் பொது நேரத்தை எடுத்து 8 மணி நேரம் கூட்டுங்கள்.

அடுத்தது தரை அளவு. தேசியச் சுற்றுப்புற வாரியம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என்று ஐந்து வட்டாரங்களுக்கு மணிக்கொரு பிஎம்2.5 அளவு வெளியிடுகிறது. அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் அதனோடு வரும் அட்சரேகை, தீர்க்கரேகை, வரைபடத்தில் வட்டாரத்தின் பெயரை எழுதுவதற்கான இடம் மட்டுமே. கருவி அங்கே இல்லை. அந்தப் புள்ளிக்கு மேலுள்ள ஒற்றைக் கட்டத்தை எடுத்து ஜோடி சேர்ப்பது பெரிய பிழை. வட்டாரத்துக்குள் விழும் தகுதியான (மேகம் மறைக்காத) கட்டங்கள் எல்லாவற்றின் சராசரியை எடுங்கள். கால்வாசிக் கட்டங்கள்கூடத் தேறாவிட்டால் அந்த மணியை விட்டுவிடுங்கள். பிஎஸ்ஐ எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டையும் மாதிரி கணிக்கவேண்டிய இலக்காக வைக்காதீர்கள். அது 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருவது. செயற்கைக்கோள் பார்ப்பதோ ஒரு நொடி.

இனி ஏஓடி, செயற்கைக்கோள் தரும் முக்கிய எண். தரையிலிருந்து வளிமண்டல உச்சி வரையுள்ள துகள்கள் எல்லாம் சேர்ந்து ஒளியை எவ்வளவு மறைக்கின்றன என்பதே அந்த எண். டெர்ராவிலும் அக்வாவிலும் உள்ள மோடிஸ் கருவியின் தரவில் ஒரு கிலோமீட்டர் அளவில் கிடைக்கும் (கோப்பிலுள்ள எண்ணை 0.001ஆல் பெருக்க மறக்க வேண்டாம்). ஆனால் நாம் சுவாசிப்பது அந்தத் தூணின் அடிப்பகுதியை மட்டும். சுமத்ராவின் கரிநிலத் தீயிலிருந்து எழும் புகை சில நாள்களில் உயரத்திலேயே கடந்துபோகும். அன்று ஏஓடி கூடும், தரையில் காற்று நன்றாக இருக்கும். இன்னொன்று ஈரப்பதம். ஈரக்காற்றில் துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, அதே எடைக்கு அதிக ஒளியைச் சிதறடிக்கும். நிலையக் கருவிகள் காற்றை உலர்த்திய பிறகே எடைபோடுகின்றன. அதனால் ஏஓடியோடு ஈரப்பதம், காற்றின் திசை, வேகம், கலப்பு அடுக்கின் (தரையையொட்டிக் காற்று நன்றாகக் கலக்கும் அடுக்கின்) உயரம் ஆகியவற்றை இஆர்ஏ5 என்ற உலக வானிலைத் தரவிலிருந்து சேர்த்தே ஆகவேண்டும். அந்தத் தரவின் கட்டமோ கால் பாகை, ஏறக்குறைய 28 கிலோமீட்டர். தீவின் அகலமே 50 கிலோமீட்டர்தான். பேட்டைக்குப் பேட்டை வேறுபாடு இதிலிருந்து எப்படி வரும்?

எனக்கு மிகவும் கவலை தருவது மேகம். இங்கே கட்டங்களில் பெரும்பகுதி மேகத்தால் காலியாகவே வரும். போதாததற்கு, புகை மிக அடர்த்தியானால் மேக வடிகட்டி அதையும் மேகம் என்று தள்ளிவிடும். எந்த நாளுக்காக இதையெல்லாம் செய்கிறோமோ, அந்த நாளே தரவிலிருந்து காணாமல் போகிறது. இரவில் ஏஓடியே கிடையாது. கரையோரக் கட்டங்களில் கடலும் நிலமும் கலந்து எண்ணைக் கெடுக்கும், நமக்கோ நான்கு பக்கமும் கரை.

சோதனை முறையில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். தரவை எழுந்தமானமாகக் கலைத்துப் பத்தாகப் பிரித்தால், பயிற்சியில் இருந்த 2 மணி அளவின் பக்கத்து 3 மணி அளவே தேர்வில் வரும். மதிப்பெண் பிரமாதமாக இருக்கும், அர்த்தம் இருக்காது. ஒரு வட்டாரத்தை முழுதாக மறைத்துவைத்துச் சோதியுங்கள். பிறகு ஒரு புகைமூட்டக் காலத்தையே மறைத்துவையுங்கள்: 2015ஐக் கற்பித்து 2019 செப்டம்பரைக் கேளுங்கள். திருப்பியும் போட்டுப் பாருங்கள், அப்போதுதான் உண்மை வெளிவரும். பலர் பயன்படுத்தும் ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறை, பயிற்சியில் கண்ட உச்சத்துக்கு மேல் ஒருபோதும் சொல்லாது. 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேரப் பிஎஸ்ஐ 401ஐத் தொட்டது. சாதாரண ஆண்டுகளை மட்டும் படித்த மாதிரி அப்படியொரு நாளைத் தயங்காமல் குறைத்துச் சொல்லும்.

செயற்கைக்கோள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதன் பலம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. விர்ஸ் என்ற செயற்கைக்கோள் கருவி 375 மீட்டர் துல்லியத்தில் தீப்புள்ளிகளைக் காட்டுகிறது. ஹிமாவரி என்ற ஜப்பானிய வானிலைச் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒருமுறை படம் எடுக்கிறது, பகலில் புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணாலேயே தொடரலாம். சுமத்ராவின் ரியாவ், ஜம்பி, தென் சுமத்ரா மாநிலங்கள் மூன்றையும் சேர்த்துத் தரவு எடுங்கள். மோடிஸ் தரவு உலகை ‘ஓடு’ எனப்படும் துண்டுகளாகப் பிரித்தே கிடைக்கும்; ஜம்பி பூமத்திய ரேகைக்குத் தெற்கே அடுத்த ஓட்டில் விழுவதால், சிங்கப்பூர் இருக்கும் ஓட்டை மட்டும் இறக்கினால் அங்குள்ள தீ விடுபடும். இவற்றைக் கொண்டு ஐந்து வட்டாரங்களுக்கும் அடுத்த சில மணி நேரத்தைக் கணிப்பது பயனுள்ள வேலை. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் இதைக் கையில் எடுத்தால் மகிழ்வேன்.

வரைபடம் போட்டே தீருவோம் என்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை தெளிந்த பார்வை கிடைத்தது என்ற எண்ணையும் அச்சிடுங்கள். பார்வையே இல்லாத கட்டத்துக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள். பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா என்று பார்க்கும் பெற்றோருக்கு, தம் வட்டாரத்தின் ஒரு மணி நேர பிஎம்2.5 போதும்: கன மீட்டருக்கு 55 மைக்ரோகிராம் வரை வழக்கநிலை, 150 வரை சற்று உயர்வு, 250 வரை அதிகம், அதற்கு மேல் மிக அதிகம்.